கால் ஊன்றாதவருக்கு

என்னங்க,

லாட்ஜில் இன்று துவைக்க வந்த மூட்டையைப் பிரித்ததும் தைல வாடை முகத்தில் அடித்தது. சளி பிடித்த யாரோ ஒருவர் கடைத்தெருவில் யூகலிப்டஸ் தைலம் வாங்கி, நெஞ்சிலும் நெற்றியிலும் அப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். தலையணை உறை முழுக்க அது ஊறிப்போயிருந்தது. என்னோடு துவைக்கிற மேரி அக்கா அதை மூக்கருகில் வைத்து, "நம்ம கொடைக்கானலு மணமே மணம்" என்றாள். நான் அவள் கையிலிருந்து பிடுங்கி மூலையில் எறிந்தேன்.

"ஏய் ராணி, அந்தத் துணி உன்னய என்னடி செஞ்சுச்சு?"

"துணி ஒண்ணும் செய்யலக்கா. தைலம் பூசுன ஆளுதான் செஞ்சுட்டுப் போயிட்டாரு."

அவள் அடுத்த போர்வையை எடுத்து உதறினாள். உங்கள் பேச்சை எடுத்தால் எனக்கு அழுகை வராது, ஆங்காரம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

நான் அஞ்சாவதுக்கு மேல் படிக்காதவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஆனாலும் எழுதுகிறேன். வாயால் சொல்லப்போனால், செத்தவரைக் குறை பேசாதே என்று ஆளுக்கு ஆள் தடுக்கிறார்கள். உங்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு கூட்டமே இருக்கிறது. நான் நல்லதாகச் சொல்வதற்காக எழுதவில்லை.

நீங்கள் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் நிறுத்தத்தில் வேலை பார்த்தவரைக்கும் ஒழுங்கான மனுசன். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குச் சைக்கிளைத் துடைத்துக் கொடுப்பீர்கள், பெல் அடிக்கிறதா என்று பார்ப்பீர்கள், சாயங்காலம் வீட்டுக்கு வருவீர்கள். எவனோ ஒருவன் பழைய ரேஸ் சைக்கிளை உங்களுக்குக் கைமாற்றிவிட்டுப் போனான். அன்றைக்குப் பிடித்தது சனியன். வில்லு மாதிரி வளைந்த கைப்பிடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சீட்டு. அதைப் பார்த்ததும் நான் கேட்டேன்.

"ஏங்க, இதுல எங்க உக்காருறது? காக்கா உக்காருமா?"

"ஏ புள்ள, இது உக்காருறதுக்கு இல்ல. மிதிக்கிறதுக்கு."

அப்படிச் சொன்ன நீங்கள்தான் அதன்மேல் மணிக்கணக்காக உட்கார்ந்தீர்கள்.

பிறகு கடைத்தெருவில் கடை வைத்திருக்கிற செல்வமும் அவன் ஆட்களும் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எல்லாருமாகப் பழனிக்கு இறங்குவீர்கள். அடிவாரத்தில் நின்று மலையைப் பார்த்துக் கும்பிட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மறுபடி ஏற ஆரம்பித்தால் கொடைக்கானல் வருகிறவரை தரையில் கால் ஊன்றக்கூடாது. அதுதான் உங்கள் கூட்டத்துச் சட்டம். தண்ணீர் குடிப்பது ஓட்டிக்கொண்டே, பழம் தின்பது ஓட்டிக்கொண்டே. மழை வந்தாலும் நிற்கக்கூடாது. சீட்டைவிட்டு எழுந்து நின்று மிதித்தால்கூட இளக்காரம். சவரிக்காட்டு வளைவில் எவனாவது முடியாமல் காலை ஊன்றிவிட்டால் அவன் கைப்பிடியில் ஒரு கண்ணாடி வளையலை மாட்டிவிடுவீர்கள். அதோடுதான் அவன் ஊருக்குள் வரவேண்டும். டீக்கடையில் எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள்.

வளையல் போட்டவள் நான். ஈரப் போர்வையை முறுக்கிப் பிழிகிற கை என்னுடையது. அந்த வளையல் உங்களுக்கு அசிங்கமாகத் தெரிந்தது. ஒருநாளும் என்னிடம் அதைப் பற்றி யோசித்துப் பேசினதில்லை. "எங் கைப்பிடியில இன்னிக்கு வரைக்கும் ஒரு வளையல் ஏறல" என்று பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சீட்டை ஏற்றி வைத்தது யார் சொல்லி? செல்வம் சொல்லித்தான். உயரமாக இருந்தால் மிதிக்கப் பலம் கிடைக்குமாம். மிதி கீழே போகும்போது உங்கள் கால் எட்டாமல் இடுப்பு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. நாயுடுபுரம் ஏற்றத்தில் நீங்கள் போவதைப் பின்னாலிருந்து பார்த்து, "வாத்து மாதிரி போறீங்க" என்று நான் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சாய்வில்தான் சதை உரசியிருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு உரசல்.

பஞ்சு வைத்த கால்சட்டை ஒன்று வாங்கினீர்கள். ஒன்றே ஒன்று. நம் ஊர் மூட்டத்தில் கைக்குட்டை காயவே ஒரு பொழுது ஆகும், அந்தப் பஞ்சு எப்படிக் காயும்? இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது என்று நான் சொன்னால், "போட்டா ஒடம்புச் சூட்டுல காஞ்சுரும்" என்று இழுத்து மாட்டிக்கொண்டு போவீர்கள். அதுவும் உள்ளே ஜட்டியோடு. மலை ஏறி வந்த பிறகாவது கழற்றினீர்களா? வேர்வை ஊறிய அதே கால்சட்டையோடு செல்வம் கடையில் உட்கார்ந்து, எந்த வளைவில் எவன் மூச்சு வாங்கினான் என்று கதை பேசிவிட்டு இருட்டுகிற நேரம்தான் வருவீர்கள்.

அப்புறம் ஒரு வாரம், நான் கேட்காமலே உங்கள் கால்சட்டையை நீங்களே துவைத்தீர்கள். குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத மனுசன். குழாயடியில் குத்துக்கால் போட முடியாமல் நின்றுகொண்டே கசக்கினீர்கள். நான் மேரி அக்காவிடம் சொன்னபோது அவள் கண்ணை உருட்டினாள்.

"புருசன் தாந் துணியத் தானே தொவைக்கிறாருன்னா ரெண்டே சங்கதிதான். ஒண்ணு சாமியாராப் போகப்போறாரு. இல்ல, எவளோ ஒருத்தி இருக்கா."

"சாமியாருக்கெல்லாம் இவரு தாங்கமாட்டாருக்கா."

"அப்ப மத்ததுதான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன். உங்கள் சட்டைப்பையைத் துழாவினேன். ஒருத்தி இருந்திருக்கலாம், என்னங்க. நிசமாகத்தான் சொல்கிறேன். ஒருத்தி இருந்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு உங்களை இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். நீங்கள் துவைத்தது ரத்தக்கறை, சீழ்க்கறை.

அப்போதுதான் அந்தத் தைலம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பல்லிடுக்கில் நீங்கள் மூச்சை இழுக்கிற சத்தம் வெளியில் கேட்கும். நம் ஊரில் தலைவலிக்கும் தைலம், சளிக்கும் தைலம், சுளுக்குக்கும் தைலம். தோல் உரிந்து கிடந்த இடத்தில் அதைத் தேய்த்திருக்கிறீர்கள். கதவைத் தட்டினேன்.

"என்னங்க செய்றீங்க உள்ள?"

"ஒண்ணுமில்ல. தொடையில லேசா சிராய்ப்பு."

"தைலம் எரியாதா?"

"எரிஞ்சாத்தான் கேக்குதுன்னு அர்த்தம்."

"கதவத் தெறங்க, நாம் பாக்குறேன்."

"ஓஞ் சோலியப் பாரு. உனக்கு எதுக்குத் தொந்தரவு?"

எனக்கு எதுக்குத் தொந்தரவு. இந்த ஒரு பேச்சை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது. சோற்றை வடிக்கும்போது வரும். துணியை உதறும்போது வரும். பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் வரும். அவ்வளவு அன்பா என்று யாராவது கேட்டால் அறைந்துவிடுவேன். அது அன்பு இல்லை. சீட்டு படுகிற அந்த இடத்தைப் பெண்டாட்டிக்குக்கூடக் காட்டக் கூச்சம். புண் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டால் வருகிற ஞாயிறு போக முடியாது. போகாவிட்டால் செல்வம் வளையலோடு வாசலுக்கு வந்து நிற்பான். இவ்வளவுதான் உங்கள் கணக்கு.

அந்த ஞாயிறும் போனீர்கள். அதுதான் கடைசி. பழனியிலிருந்து கால் ஊன்றாமல்தான் ஏறி வந்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. வந்தவர் படியேற முடியாமல் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. அப்போதும் என்னிடம் சொன்னது, "மழையில நனைஞ்சது, காய்ச்சல்" என்றுதான். நடுக்கத்தில் பேச்சுக் குளறின பிறகுதான் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் உங்களைப் புரட்டிப் பார்த்தோம். பார்த்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஒரு சின்ன வயசு டாக்டர் இருந்தார். அவரும் சைக்கிள் ஓட்டுகிறவராம். என்னைத் தனியே கூப்பிட்டு வராந்தாவில் நிற்க வைத்துக் கேட்டார்.

"சர்க்கரை இருக்குன்னு இவருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாதுங்க. ஆசுபத்திரிப் பக்கமே வந்ததில்ல."

"புண்ணு வந்து எத்தன நாளாச்சு?"

"எனக்கு இன்னிக்குத்தாங்க தெரியும்."

"அதுல என்ன போட்டாரு?"

"தைலம். மேல பவுடரு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார். "இது ரொம்பச் சின்னதா ஆரம்பிக்கிற விசயம்மா. பஞ்சு வச்ச கால்சட்டைய வெறும் ஒடம்புலதான் போடணும், உள்ள ஜட்டி போட்டா தையல் அறுக்கும். பவுடரு வேர்வையில கட்டியாகி மணல் மாதிரி தேய்க்கும். கெளம்புறதுக்கு முன்னாடி உரசுற எடத்துல கொஞ்சம் வாசலின் தடவுனாப் போதும். அப்பப்ப சீட்ட விட்டு எந்திரிச்சுக்கணும். எறங்குன ஒடனே கழுவி, காஞ்ச துணி மாத்தணும். செவந்து போனா ரெண்டு மூணு நாள் ஓட்டாம இருக்கணும். சீழ் வச்சா எங்ககிட்ட வரணும். நாங்க கீறி விட்டா ஆறிடும்."

"இப்பக் கீறுங்க."

"கீறுறோம்மா. ஆனா இப்ப அது ரத்தத்துல கலந்துருச்சு."

கீறினார்கள். அடுத்த நாளும் கீறினார்கள். மூன்றாவது தடவைக்கு நீங்கள் இல்லை.

இதை இப்படியே சொல்ல உங்கள் ஆட்களுக்கு வாய் வரவில்லை. ஊருக்கு அவர்கள் சொன்னது வேறு. மலை ஏறும்போது மாரடைப்பு, சைக்கிள் மேலேயே உயிர் போனது. போஸ்டரில் உங்கள் படம் போட்டு, பின்னால் மேகம் போட்டு, கீழே அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்து, "நல்ல சாவு தாயி, பிடிச்ச வேலையச் செஞ்சுக்கிட்டே போயிட்டாரு" என்றார்கள். பூம்பாறையிலிருந்து வந்த உங்கள் சித்தப்பாகூட அதையே சொன்னார். நல்ல சாவாம். கடைசி நாளில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் வாடை தாங்காமல் இடம் மாறிப்போனார். நான் சேலைத் தலைப்பை மூக்கில் வைக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பார்த்துவிடுவீர்களோ என்று.

போன மாதக் கடைசியில் செல்வம் ஆறேழு பேரோடு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மஞ்சள் பனியன். அதில் உங்கள் முகம், கீழே "கால் ஊன்றாத வீரர்" என்று எழுத்து. உங்கள் பெயரில் வருசா வருசம் பழனியிலிருந்து ஒரு ஓட்டம் நடத்தப் போகிறார்களாம். உங்கள் சைக்கிளை முன்னால் வண்டியில் ஏற்றி, மாலை போட்டுக் கொண்டுவர வேண்டுமாம்.

"நீங்கதான் மதினி கொடியசைக்கணும்" என்றான்.

"எப்படி ஓட்டுவீங்க?"

"அண்ணே எப்படி ஓட்டுனாரோ அப்படித்தான். அடிவாரத்துல ஏறுனா ஏரிக்கரையிலதான் எறங்குவோம்."

"வளையலு உண்டா?"

அவன் சிரித்தான். "அது இல்லாமயா மதினி. அதுதான வெளையாட்டே."

நான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. பெருமாள்மலையில் காய்கறி வண்டி ஓட்டுகிற முருகேசன் மட்டும் சுவரோரம் நின்றான். உட்கார் என்றேன். பரவாயில்லை என்றான். மறுபடி சொன்னேன். உட்கார்ந்தான், ஒரு பக்கமாக. இடது தொடையில் பாரத்தைப் போட்டு, வலது பக்கத்தைத் தூக்கி, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. குழாயடியில் நின்றுகொண்டு துவைத்த ஆளை மறுபடியும் பார்க்கிற மாதிரி இருந்தது.

"முருகேசா, ஓந் துணிய யாரு தொவைக்கிறா?"

"என்னக்கா?"

"சைக்கிள் கால்சட்டைய. நீயா, ஓம் பொண்டாட்டியா?"

அவன் முகம் செத்துப்போனது. "நாந்தேன்" என்றான் மெதுவாக. ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அவனைப் பார்த்து நான் சொன்னேன்.

"சிரி. ஒங்க அண்ணே எப்படிச் செத்தாருன்னு தெரியுமில்ல? போஸ்டர்ல இருக்கிறது இல்ல, நெசமா. சீட்டு படுற எடத்துல புண்ணு வந்து, அத எனக்குக் காட்டாம, ஒங்களுக்குச் சொல்லாம, அழுகிச் செத்தாரு. சைக்கிள் மேல இல்ல. கட்டில்ல."

செல்வம் பனியனை மடிக்க ஆரம்பித்தான்.

"மதினி, வேணாம். அண்ணே பேரு கெட்டுப்போகும்."

"ஆளே போயாச்சு. பேர வச்சு என்ன செய்யப்போற? அவரு பேருல ஓட்டம் நடத்துறதுன்னா ஒண்ணு செய்யி. சவரிக்காட்டுல எல்லாரும் எறங்கணும். வடகவுஞ்சிப் பிரிவுல எறங்கணும். பெருமாள்மலையில எறங்கணும். எறங்கி நிக்கிறவனுக்கு வளையலு கெடையாது. முடியுமா?"

"அப்படின்னா அது எல்லாரும் ஓட்டுறதுதான மதினி. அதுல என்ன பெரும?"

"பெருமைக்கு எங்கிட்ட வராத. அந்தப் பனியனக் குடு."

அவன் கொடுக்காமல் எழுந்தான், மற்றவர்களும் எழுந்தார்கள். முருகேசன் அப்போதும் எழுந்திருக்கவில்லை, கையை ஊன்றாமல் அவனால் எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவனிடம், ஞாயிற்றுக்கிழமை போகிறாயா என்று கேட்டேன். செல்வத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "போகணும்க்கா" என்றான். அந்தப் பார்வை எனக்குப் போதுமாக இருந்தது. நீங்கள் ஏன் சொல்லவில்லை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

செல்வம் சைக்கிள் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில்தான் வளையல்களை வைத்திருப்பான். வாசலில் நின்ற அவன் சைக்கிளுக்குப் போய், பையைத் திறந்து, ஒரு பச்சை வளையலை எடுத்தேன். முருகேசன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினேன். எல்லாரும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இந்தா, நானே மாட்டிட்டேன். மானம் போயிருச்சு. ஞாயித்துக்கிழம போய் இனி நீ எதக் காப்பாத்தப் போற? ஆசுபத்திரிக்குப் போ. எங்க புண்ணுன்னு டாக்டர்ட்ட வாயத் தொறந்து சொல்லு. கூச்சமா இருந்தா ஓம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ."

அவனுக்கு அழுகை வந்ததா, கோபம் வந்ததா, தெரியவில்லை. சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனான். கூடப் போன ஒருத்தர்கூட அவனைக் கேலி செய்யவில்லை. செல்வம் மட்டும் போகும்போது சொன்னான், "அண்ணே இருந்தா இதுக்குச் சம்மதிச்சிருக்க மாட்டாரு." அது சரிதான். சம்மதித்திருக்க மாட்டீர்கள்.

ஓட்டத்தை நடத்தினார்கள், உங்கள் பெயர் இல்லாமல், வேறு ஏதோ பெயரில். கால் ஊன்றாமல்தான் ஏறினார்களாம். பனியனிலிருந்த உங்கள் முகத்தை என்ன செய்தார்களோ. இப்போது செல்வம் என்னைக் கண்டால் தெருவின் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறான். போகட்டும்.

முருகேசன் அந்த ஓட்டத்தில் இல்லை. நேற்று அவன் பெண்டாட்டி போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கீறல், புண்ணுக்குள் துணித்திரி வைத்து ஒரு கட்டு, மாத்திரை. அங்கே படுக்க வைக்கக்கூட இல்லை, அன்றைக்கே அனுப்பிவிட்டார்களாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை எதுவும் இல்லையாம். கொஞ்ச நாள் உட்காராமல் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறிக்கொண்டு வருகிறதாம்.

அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"அவ்வளவுதான்க்கா. ஆனா வீட்டுல எங்கள ஒரு வழி பண்றாருக்கா. குப்புறப் படுத்துக்கிட்டு, தண்ணி கொண்டா, டிவிய இங்கிட்டுத் திருப்பு, ஃபேன நிறுத்து, ஈயை வெரட்டுன்னு ஒரு நிமிசம் உக்கார விடுறதில்ல. கட்டு மாத்தும்போது சின்னப்புள்ள மாதிரி கத்துறாரு. தெருவுக்கே கேக்குது. தொந்தரவு தாங்கலக்கா."

"தாங்கிக்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அவ்வளவுதான். ஒரு கீறல், ஒரு திரி, கொஞ்ச நாள் குப்புறப் படுக்கை. மலை இடிந்து விழுந்து நீங்கள் போயிருந்தால் மலையை வைதுவிட்டு இருந்திருப்பேன். இவ்வளவு சின்ன விசயத்துக்குப் போனீர்களே. எல்லாரும் காலம் ஆற்றும் என்கிறார்கள். ஆற வேண்டாம் என்றுதான் நான் இதை வைத்திருக்கிறேன். இந்தக் கோபம் கையில் இருந்ததால்தான் அன்றைக்கு ஆறேழு ஆம்பளைகள் முன்னால் என்னால் அந்தப் பேச்சைப் பேச முடிந்தது.

தண்ணி கொண்டா என்று என்னையும் கூப்பிட்டிருக்கலாம். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருக்கலாம். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, நாலு வார்த்தை வைதுகொண்டு, எல்லாம் செய்திருப்பேன். எனக்கு அந்தத் தொந்தரவைக் கொடுக்காமல் போனீர்களே, அதற்கு உங்களுக்கு மன்னிப்பு கிடையாது.

ராணி